வெள்ளை மருந்து குடித்தது யார்?

நான்காவது கடையிலும் இல்லை.

"வெள்ளை மருந்தா? மூணு வாரமாச்சு தங்கச்சி. சிங்கப்பூர்லேர்ந்து பெட்டி வந்தாத்தான் உண்டு" என்றார் கடைக்காரர். "ஆமா, நீ மீரா சாஹிப் கடைப் பொண்ணுதான? ஒங்க கடையிலயுமா இல்ல?"

"இல்லண்ணே. எப்பலேர்ந்து இப்படிக் கேக்க ஆரம்பிச்சாங்க?"

"மார்ச்சு மொத வாரம். அதுக்கு முந்தி ஒரு டின்னு வாங்கினா ஆறு மாசம் கெடக்கும்."

சுசீலா நன்றி சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். சனிக்கிழமை காலை. மலாக்கா கடைத்தெருவில் சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போயின. அவள் மருந்து வாங்க வரவில்லை. 'இல்லை' என்ற பதிலைச் சேகரிக்க வந்திருந்தாள். நான்கு கடைகளிலும் அது கிடைத்துவிட்டது. நான்கும் ஒரே வாரத்தைச் சொல்லின.

மணி எட்டரை. மூன்று மணிக்குள் அவள் அண்ணன் சேகரன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

குருபோங் தாண்டி இருக்கும் சின்ன ஆத்து ரப்பர் தோட்டத்தில் சேகரன் டிரெஸ்ஸர், அதாவது மருந்து கொடுக்கும் உதவி வைத்தியன். தோட்ட ஆஸ்பத்திரி என்ற பெயருள்ள இரண்டு அறைகளும் அவன் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்து அவனுடைய மருந்துப் பதிவைப் புரட்டியது. நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் வெள்ளை மருந்து பிப்ரவரியில் நான்கு போத்தல் போயிருந்தது. மார்ச்சில் முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் ஒரே பெயரில். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலாயி.

ஒரு பெண் ஒரு மாதத்தில் முப்பத்தொரு போத்தல் குடிக்க முடியாது. அப்படியானால் மருந்து காட்டுக்குப் போகிறது. காட்டில் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கும் வயிறு உண்டு. இன்ஸ்பெக்டர் கணேசமூர்த்தி போட்ட கணக்கு அது.

வேலாயி அன்றே உள்ளே போனாள். மருந்து அலமாரிக்கு அரக்கு முத்திரை விழுந்தது. சேகரனுக்கு மட்டும் நான்கு நாள் அவகாசம். 'வேலாயி பொய் சொல்லி மருந்து வாங்கினாள்' என்று எழுதிய வாக்குமூலத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குள் அவன் கையெழுத்திட்டால் அவன் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் அவனும் தடுப்புக் காவலுக்குப் போகலாம். அவசரகாலச் சட்டத்தில் அதற்கு வழக்கும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம்.

"லீவு குடுத்தா, அடுத்தவன் கடையில போயி மருந்து கேக்குறியாம்" என்றார் மீரா சாஹிப், அவள் அவருடைய கடைக்குள் நுழைந்ததும். "பொடிநடையா ஒரு பய வந்து சொல்லிட்டுப் போறான். என் மானம் கப்பலேறுது லா."

சுசீலா அந்தக் கடையில் இரண்டு வருஷமாக மருந்து கலக்குகிறாள். அதிகம் பேச மாட்டாள். இன்று பேசினாள்.

"மாமா, நம்ம பதிவப் பாக்கணும். வெள்ளை மருந்து மட்டும். யாரு, எந்த ஊரு."

மருந்து வாங்குகிறவரின் பெயர், ஐ.சி. என்ற அடையாள அட்டையின் நம்பர், இருப்பிடம் மூன்றையும் கடைகள் எழுதி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. மீரா சாஹிப் அதை வேதம் மாதிரி எழுதுவார். அவர் தயங்கினார்.

"போலீஸு, மாத்தா கேட்டாத்தான் காட்டணும்மா. கண்டவங்களுக்குக் காட்டக் கூடாது."

"நான் கண்டவளா?"

"அந்தப் பேச்சுக்குச் சொன்னேன்." நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "என்ன தேடுற?"

"குருபோங் பக்கத்துத் தோட்டங்கள் தனியா. புக்கிட் காத்தில் பக்கம் தனியா."

"புக்கிட் காத்தில் பக்கம் எவன் இதக் கேக்குறான்? இருமலுக்குக் கேப்பான். பேதிக்குக் கேப்பான்."

அவர் சொன்னது சரி. புக்கிட் காத்தில் பக்கத்திலிருந்து பிப்ரவரியில் மூன்று பேர், மார்ச்சில் மூன்று பேர். குருபோங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிப்ரவரியில் ஐந்து பேர். மார்ச்சின் முதல் இருபது நாளில் நாற்பத்து மூன்று பேர். பிறகு சரக்கே இல்லை.

அவள் அதை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதினாள். தாளை அவரிடம் நீட்டினாள்.

"கையெழுத்தா? எதுக்கும்மா என்னைய..." மீரா சாஹிப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். தாளைப் படித்தார். "நான் எழுதுனதுதான இது? பொய் இல்லையே?"

"ஒரு எழுத்துக்கூட இல்ல மாமா."

"அப்ப என்ன." கடை முத்திரையையும் சேர்த்துக் குத்திக் கொடுத்தார். "பஸ்ஸு பத்தே கால். ஓடு."

வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் நின்று பஸ் வந்து சேர மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. தோட்ட வாசலில் முள்கம்பிக் கதவு. சிறப்புக் காவலர் இருவர் துப்பாக்கியோடு நின்றார்கள். பெண்களைச் சோதிக்கும் கொட்டகையில் ஒருத்தி சுசீலாவின் பையை மேசையில் கவிழ்த்தாள். கைக்குட்டை, பேனா, தாள், ஐ.சி. அவ்வளவுதான்.

"சாப்பாடு ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா."

கொட்டகைச் சுவரில் அறிவிப்புப் பலகை தொங்கியது. தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தது. 'லய வீடுகளிலிருந்து ரப்பர் மரக் காட்டுக்குச் சோறு, ரொட்டி, மாவு, மருந்து எதுவும் கொண்டு போகக் கூடாது. எல்லா மர நிரைகளுக்கும் இது பொருந்தும். மார்ச்சு 3, 1952 முதல்.' கீழே தோட்டத் துரையின் கையெழுத்து.

சுசீலா தேதியை இரண்டு முறை படித்தாள்.

"அக்கா, இந்தப் பலகை வந்ததுலேர்ந்து பால் எடுக்க மரம் வெட்டப் போறவங்க எங்க பசியாறுறாங்க?"

சோதிக்கும் பெண் சிரித்தாள். "பசியாறுறதா? விடியக்காலை பெரட்டுல பேர் குடுக்குறதுக்கு முந்தி ஒரு மங்கு கோப்பி. அப்பறம் மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு. நடுவுல காத்துதான்."

சேகரனின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால். அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான்கு நாளில் முகச் சவரம் செய்யவில்லை. அவன் மனைவி ஜானகி சோற்றைப் போட்டு எதிரே வைத்திருந்தாள். அதில் கை படவில்லை.

"வா சுசீ" என்றாள் ஜானகி. "நீயாச்சும் சொல்லு ஒங்க அண்ணனுக்கு. ஒரு கையெழுத்து. போட்டுட்டு வாங்கன்னு நாலு நாளா கெஞ்சுறேன்."

"வேலாயி அக்கா பொய் சொன்னாங்கன்னா அண்ணி?"

"எனக்கு என்ன தெரியும்? போத்தல் வாங்கினது அவ. எங்க குடுத்தான்னு அவ சொல்லணும். இன்ஸ்பெக்டர் கேட்டா 'ஞாபகம் இல்ல'ங்கிறாளாம். முப்பத்தொரு போத்தல் ஞாபகம் இல்லாம போவுமா?"

சேகரன் நிமிர்ந்தான்.

"அவ வேணும்னுதான் சொல்லல. பேரச் சொன்னா அந்தப் பேருக்கெல்லாம் மாத்தா வருவான்னு பயப்படுறா."

"பாத்தியா? ஊரான் பொண்டாட்டிக்கெல்லாம் இவரு காவல்."

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன்" என்றாள் சுசீலா. "எல்லாத்தையும் ஏன் அவங்க பேர்ல எழுதுன?"

சேகரன் சோற்றுத் தட்டை ஓரமாகத் தள்ளினான்.

"நான் ஆஸ்பத்திரி தொறக்குறது ஏழு மணிக்கு. பொம்பளைங்க அஞ்சரைக்கே மரம் வெட்டப் போயிடுவாங்க. ஏழு மணிக்கு லயத்துப் பக்கம் இருக்கிற ஒரே பொம்பளை வேலாயிதான். நாலாவது லயத்துப் போத்தலெல்லாம் ஒரு கூடையில போட்டுக் கொண்டாந்து வைப்பா. நான் கலக்கி ஊத்தி, அளவுக்குத் தாள் ஒட்டிக் குடுப்பேன். எழுதும்போது..." கையை விரித்தான். "யாரு கையில குடுத்தேனோ அவங்க பேர எழுதினேன். ஆறு வருஷமா அப்படித்தான் எழுதறேன். யாரும் கேட்டதில்ல."

"இதச் சொன்னியா இன்ஸ்பெக்டர்கிட்ட?"

"சொன்னேன். புதன்கிழமை பெரட்டுல வந்து நின்னாரு. துப்பாக்கிக்காரன் நாலு பேரு பக்கத்துல. 'வெள்ளை மருந்து குடிச்சவங்க கையத் தூக்குங்க'ன்னாரு. எவ தூக்குவா?"

யாரும் தூக்கவில்லை.

சுசீலா மேசையில் தாளை விரித்தாள். பேனாவை எடுத்தாள்.

"ஒரு போத்தல்ல எத்தன வேளை?"

"பதினாறு."

"முப்பத்தொண்ணு பதினாறு, நானூத்தித் தொண்ணூத்தாறு. மாசத்துல வேலை நாளு இருபத்தாறு. ஒரு நாளைக்குப் பத்தொம்பது வேளை." எழுதி முடித்தாள். "நாலாவது லயத்துல மரம் வெட்டுற பொம்பளைங்க எத்தன பேரு?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு பேருல பத்தொம்பது பேரு நாளைக்கு ஒரு வேளை குடிச்சிருக்காங்க. மிச்சம் ஒரு சொட்டு இல்லண்ணே காட்டுக்கு அனுப்ப. அதுவும் மார்ச்சு மூணுக்கு அப்பறம்தான். வாசல்ல பலகை மாட்டினது என்னைக்கு?"

சேகரன் அவளைப் பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான். அவனுக்கு விளங்கத் தொடங்கியது.

"வெறும் வயித்துல கோப்பி" என்றான் மெல்ல. "எட்டு மணி நேரம். அமிலம் சும்மா சுரந்துக்கிட்டே இருக்கும், கரைக்க ஒண்ணும் இல்லாம. நான் மருந்தையே குடுத்துக்கிட்டிருந்தேன். ஏன் திடீர்னு எல்லாரும் கேக்குறாங்கன்னு யோசிக்கவே இல்ல."

"நம்ம தோட்டம் மட்டும் இல்ல. இந்தப் பக்கத்துத் தோட்டம் எல்லாத்துலயும் சோத்துக்குத் தடைன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க. எல்லாரும் டவுனுக்கு வந்து வாங்கியிருக்காங்க. அதான் நாலு கடையிலயும் காலி. தடை இல்லாத புக்கிட் காத்தில் பக்கம் ஒரு ஆளுகூட அதிகமா வாங்கல."

ஜானகி இதுவரை கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் நான்காவது வரை படித்தவள். ஆனால் கணக்கு அவளுக்குப் புரிந்தது.

"தாள்ல சரி" என்றாள். "அந்த இருபத்திரண்டு வாயும் தொறக்கணுமே?"

வெளியே முதல் ரப்பர் பால் வாளிகள் நிறுவைக் கொட்டகையில் இறங்கும் சத்தம் கேட்டது. மணி ஒன்று.

ஜானகி சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"நான் கேக்குறேன்."

"நீயா?" என்றான் சேகரன். "நாலு நாளா கையெழுத்துப் போடு, போடுன்ன."

"போடத்தான் சொன்னேன். பத்தொம்பது பேரு குடிச்சாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா சொன்னேன்?" அவள் படியிறங்கினாள். "சுசீ, நீயும் வா. கணக்க நீ சொல்லு. திட்டுறத நான் பாத்துக்கிறேன்."

நான்காவது லயத்துக் குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். உடையெல்லாம் பால் காய்ந்து விறைத்திருந்தது. ராஜம்மா என்பவள் குழாய்க் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். மருந்து நின்று நான்கு நாள். புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்து வந்து போனது.

"என்னா ராஜம்மா, எரியுதா?" என்றாள் ஜானகி.

"இல்லம்மா. லேசா."

"லேசா எரிஞ்சா ஏன் கட்டையக் கட்டிப் புடிக்கிற? அதென்ன ஒன் புருசனா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ராஜம்மாவும் சிரிக்கப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

ஜானகி குரலை உயர்த்தவில்லை. "வேலாயி ஒங்க பேரச் சொல்லல. நாலு நாளா அந்தச் சிமிண்டுத் தரையில படுத்துக்கிட்டு 'ஞாபகம் இல்ல'ங்கிறா. அவ பாத்த பிள்ளைங்கதான் ஒங்க பிள்ளைங்க. இன்னிக்கு மூணு மணிக்கு மேல அவளைத் தைப்பிங் காவல் முகாமுக்கோ எங்கயோ கொண்டு போயிடுவாங்க."

"சொன்னா எங்களையும் புடிப்பாங்களேம்மா" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து.

கூட்டத்தில் பேசிச் சுசீலாவுக்குப் பழக்கமில்லை. ஆனால் விடை தெரிந்த கேள்வி அது.

"ஒருத்தர் சொன்னா புடிப்பாங்கக்கா. இருபத்திரண்டு பேரும் சொன்னா முடியாது. எல்லாரையும் உள்ள போட்டா திங்கக்கிழமை மரம் வெட்டுறது யாரு? துரையா?"

பிறகு யாரோ, "துரை வெட்டினா மரம் செத்துப்போவும்" என்றாள். குழாயடி முழுவதும் சிரித்தது.

ராஜம்மா கட்டையை விட்டாள். "நான் வரேன். ஐசி எடுத்துக்கணுமா?"

போலீஸ் நிலையம் தோட்ட வாசலிலிருந்து அரை மைல். சேகரன் முன்னால் போய்விட்டான். பெண்கள் வேலை உடுப்போடு சாலையோரமாக நடந்தார்கள். சுசீலா எண்ணிக்கொண்டே வந்தாள். பதினேழு பேர். பத்தொன்பது வரவில்லை. போதும் என்று நினைத்தாள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் கணேசமூர்த்தியின் மேசையில் வாக்குமூலம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. சேகரன் எதிரே நின்றான். மணி இரண்டே முக்கால்.

"இதென்ன டிரெஸ்ஸர், கோயில் திருவிழாவா?" என்றார், வாசலைப் பார்த்து.

"வெள்ளை மருந்து குடிச்சவங்க சார். புதன்கிழமை கேட்டீங்களே."

"அன்னைக்கு ஒரு கையும் தூக்கல."

"அன்னைக்கு துப்பாக்கியப் பாத்தாங்க."

கணேசமூர்த்தி ராஜம்மாவைக் கூப்பிட்டார். "நீ குடிச்சியா?"

"ஆமாங்க."

"யாரு வேணும்னாலும் வந்து ஆமான்னு சொல்லலாம். அந்த மருந்து எப்படி இருக்கும், சொல்லு."

ராஜம்மா யோசிக்கவே இல்லை. "மொதல்ல மிட்டாய் மாதிரி ஜில்லுன்னு இருக்குங்க. அப்பறம் சுண்ணாம்பு நக்கின மாதிரி. நாக்குல மாவா ஒட்டும். குலுக்காம குடிச்சா மேல தண்ணி, அடியில கல்லு."

"எப்பக் குடிப்ப?"

"ஒரு மணிக்கு வந்ததும். சோத்தக் கண்டாலே நெஞ்சு எரியும். இதக் குடிச்சிட்டு அரை மணி கழிச்சித்தான் சோறு எறங்கும்."

அடுத்தவளைக் கேட்டார். அடுத்தவளை. ஐந்து பேரும் வேறு வேறு வார்த்தையில் அதையே சொன்னார்கள். ஆறாவது ஆளை அவர் கூப்பிடவில்லை.

சுசீலா தாளை மேசையில் வைத்தாள். நான்கு கடை, இரண்டு பக்கத்துத் தோட்டங்கள், ஒரு தேதி. மீரா சாஹிப்பின் முத்திரை. அவள் விளக்கியது மூன்று நிமிஷம்கூட இருக்காது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப, எங்க தடைதான் நோய்க்குக் காரணம்னு சொல்றே."

"தேதி அப்படிச் சொல்லுது சார்."

கணேசமூர்த்தி எழுந்து உத்தரவுகள் இருந்த பைலை எடுத்தார். நின்றுகொண்டே படித்தார். முகம் மாறவில்லை. ஆனால் ஒரே பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"எங்க உத்தரவு காட்டோரத்துல இருக்கிற நிரைகளுக்கு மட்டும்தான்" என்றார் நிதானமாக. "மத்த இடத்துல சோறு கொண்டு போகலாம். தோட்டம் முழுக்கத் தடை போட்டது இந்தப் பக்கத்துத் துரைங்க. ஒங்க தோட்டத்துல ஒங்க துரை. ஒவ்வொரு நிரையா சோதிக்க ஆள் போதாதுன்னு போட்டிருப்பாரு."

அவர் பைலை மூடிவிட்டுச் சேகரன் பக்கம் திரும்பினார்.

"டிரெஸ்ஸர். இந்தப் பொம்பளைங்க பேச்சு எனக்குப் போதும். என் மேலதிகாரிக்குப் போதாது. கடைக்காரர் தாளும் போதாது. தோட்டத்துக்கு வைத்தியம் பாக்குறவர் நீங்க. நோய்க்குக் காரணம் என்னன்னு நீங்க எழுதணும். பேர் போட்டு." ஒரு வெள்ளைத் தாளை வாக்குமூலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "எழுதினா, ஒரு பிரதி துரைக்குப் போகும். அது சட்டம். மறைக்க முடியாது. இல்லன்னா இதோ இது ரெடியா இருக்கு. ரெண்டுல ஒண்ணு."

சேகரன் ஆறு வருஷத்தில் துரைக்கு எழுதிய கடிதங்களெல்லாம் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்றே முடிந்தவை. பஞ்சு வேண்டும், அயோடின் வேண்டும் என்பதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை.

அவன் திரும்பி ஜானகியைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. வாக்குமூலத்தைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல ஒரு தடவை தலையை அசைத்தாள்.

அவன் உட்கார்ந்து எழுதினான். அரைப் பக்கம்தான். மார்ச் 3 முதல் இத்தனை பேர், இந்தக் குறி, இந்தக் காரணம். பசியாறச் சோறு கொண்டுபோக விட்டால் மருந்தின் தேவை முன்போல மாதத்துக்கு நான்கு போத்தலாகக் குறையும். மருந்து குடித்தவர்களின் பெயருக்குப் பதிலாகப் போத்தலைச் சுமந்தவரின் பெயரை எழுதியது தன் தவறு. அதையும் எழுதினான். கையெழுத்திட்டான்.

கணேசமூர்த்தி வாக்குமூலத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "தடையை எடுக்குறது என் கையில இல்ல. அந்தம்மாவை விடுறது என் கையில இருக்கு." காவலரைப் பார்த்துத் தலையசைத்தார்.

வேலாயி வெளியே வந்தபோது மெலிந்திருந்தாள். ஆனால் பதினேழு பேரையும் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"எவடி பேரச் சொன்னது? நான் நாலு நாளா வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன், இவளுங்க ஊர்வலம் வந்திருக்காளுங்க!"

"நாங்களாத்தான் சொன்னோம்க்கா" என்றாள் ராஜம்மா.

"அறிவு கெட்டவளுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வேலாயி அழுதாள்.

இன்ஸ்பெக்டர் அறிக்கையின் பிரதியை உறையில் போட்டு ஒட்டினார். "துரைக்கு. திங்கக்கிழமை எங்க ஆளு கொண்டு வருவான்."

"வேணாம் சார்" என்றான் சேகரன். "குடுங்க. நானே கொண்டு போறேன்."

கணேசமூர்த்தி அவனைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு உறையை நீட்டினார்.

சாலையில் பெண்கள் வேலாயியைச் சூழ்ந்துகொண்டு முன்னால் போனார்கள். சுசீலா பஸ் நிறுத்தத்தில் நின்றாள். ஜானகி புருஷனின் பக்கத்தில் மெதுவாக நடந்தாள்.

"துரை படிச்சிட்டு வேலைய விட்டுப் போன்னு சொன்னா?" என்றாள்.

சேகரன் உறையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

"சொல்லட்டும். ஆனா முழுசாப் படிச்சிட்டுச் சொல்லட்டும்."